உங்களுக்குத் தெரியுமா? சம்பள சிலிப்புக்குள் ஒரு ஆஸ்பத்திரி!

ஒரகடத்தில் மாதம் 20,000 ரூபாய் வாங்கும் ஆபரேட்டர் ஒருவரின் சம்பள சிலிப்பைப் பாருங்கள். பி.எஃப். வரிக்குக் கீழே இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று ஒரு பிடித்தம். எவ்வளவு? 150 ரூபாய். நாளுக்கு வெறும் 5 ரூபாய்! ஒரு டீகூட வராது. அந்த 5 ரூபாயைத்தான் இந்த வாரம் தோண்டினோம். அடேயப்பா!

நீங்கள் போடுவது 0.75 சதவீதம். கம்பெனி போடுவது 3.25 சதவீதம். உங்கள் 150-க்கு முதலாளியின் பங்கு 650 ரூபாய்!

எந்த விலையாவது இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா? இது இறங்கியது! 2019 ஜூலைக்கு முன்பு தொழிலாளியிடம் பிடித்தது 1.75 சதவீதம். ஒரே அடியில் பாதிக்கும் கீழே!

தினக்கூலி சராசரி 176 ரூபாயைத் தாண்டாதவரிடம் எவ்வளவு பிடிக்கலாம்? பூஜ்யம்! ஆனால் கம்பெனி தன் பங்கைக் கட்டியே ஆகவேண்டும்.

அமெரிக்காக்காரர்கள் 'மேனேஜ்டு கேர்' என்று பெருமை பேசுவார்களே, அதன் முன்னோடி ஒன்றின் பிறப்பிடம் எது தெரியுமா? பாலைவனம்! 1933-ல் கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் கொலராடோ ஆற்று நீரைக் கொண்டுபோகக் கால்வாய் வெட்டினார்கள். அந்தத் தொழிலாளர்களுக்காக சிட்னி கார்ஃபீல்டு என்ற இளம் டாக்டர் 12 படுக்கை ஆஸ்பத்திரி ஒன்றைப் போட்டார். பில் வசூலாகவில்லை. கடன் கழுத்தை நெரித்தது. முன்பணத் திட்டத்துக்கு மாறினார். நோய் நொடிக்குத் தொழிலாளி தர வேண்டியது நாளுக்கு எவ்வளவு? 5 சென்ட்! அங்கே 5 சென்ட், இங்கே 5 ரூபாய்! அன்று முளைத்த விதைதான் இன்று 1.2 கோடிப் பேருக்கு மேல் உறுப்பினராக இருக்கும் கைசர் பெர்மனன்டே!

இ.எஸ்.ஐ.யும் அதே வாய்ப்பாடுதான். முதலில் டிஸ்பென்சரி. அங்கே முடியாவிட்டால் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. அங்கேயும் வசதி இல்லையென்றால் ரெஃபரல் கடிதத்தோடு டை-அப் தனியார் ஆஸ்பத்திரி. அவசர கேஸ் தவிர, கடிதம் இல்லாமல் நேரே போய்ப் படுத்தால் பில் உங்கள் தலையில்! (டிஸ்பென்சரி க்யூ நீளம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துண்டுச்சீட்டின் மதிப்பு பல லட்சம் வரை போகும்!)

நாட்டின் முதல் கௌரவ இ.எஸ்.ஐ. உறுப்பினர் யார்? ஜவஹர்லால் நேரு! 1952 பிப்ரவரி 24, கான்பூர். 70,000 பேர் கூடிய பொதுக்கூட்டத்தில் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அவர் கையெழுத்துப் போட்ட படிவத்தை இ.எஸ்.ஐ. கழகம் பொக்கிஷமாக வைத்திருக்கிறது!

அதைவிட ஒரு படி மேலே! 1931-ல் லண்டனில் காந்தியும் சார்லி சாப்ளினும் சந்தித்தது ஒரு டாக்டர் வீட்டில். பெயர் சுனிலால் கத்தியால். 1938-ல் லண்டன் ஃபின்ஸ்பரியின் மேயரானவரும் இவரே. இவருக்கும் உங்கள் சம்பள சிலிப்புக்கும் என்ன உறவு? இ.எஸ்.ஐ. கழகத்தின் முதல் டைரக்டர் ஜெனரல் இவர்தான்!

தமிழ்நாட்டுக்கு இ.எஸ்.ஐ. வந்தது 1955-ல். முதலில் எந்த ஊர்? சென்னை என்பீர்கள். இல்லை, கோயம்புத்தூர்!

சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. கிடையாது. சரி, ஓ.டி. பார்த்து 26,000 கையில் வந்தால்? கவலையே வேண்டாம்! வரம்புக் கணக்கில் ஓ.டி. சேராது.  கில்லாடிக் கணக்கு!

மே மாதம் இன்கிரிமென்ட் வந்து வரம்பைத் தாண்டிவிட்டீர்களா? உடனே பெயரை வெட்ட முடியாது. செப்டம்பர் 30 வரை பிடித்தம் தொடரும். அந்த அரையாண்டுக்கான பலன் காலம் எப்போது? அடுத்த ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை! மே மாதம் 'வெளியே' போனவருக்கு மறுவருஷம் ஜூன் வரை கதவு திறந்தே இருக்கிறது!

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளர்களுக்காக ஒரு விடுதி திறந்தார்களே, அதில் எத்தனை படுக்கை? 18,720! கட்டிய செலவு 706.50 கோடி ரூபாய்! இப்படி வேலை ஒரு ஊரிலும் வீடு வேறு ஊரிலும் இருந்தால் இ.எஸ்.ஐ. என்னாகும்? உங்களுக்கு ஒரு டிஸ்பென்சரி, குடும்பத்துக்கு இன்னொன்று என்று பிரித்தே பதியலாம். நீங்கள் சுங்குவார்சத்திரத்தில் இருமலாம், அம்மா திருவண்ணாமலையில் மாத்திரை வாங்கலாம்! அம்மா உங்களை நம்பி இருப்பவராக இருந்தால் போதும்.

இரண்டு கம்பெனி மாறினாலும் இருபது மாறினாலும் இன்சூரன்ஸ் எண் ஒன்றேதான். 10 இலக்கம். ஆயுளுக்கும்! இன்டர்நெட்டில் எடுத்த இ.எஸ்.ஐ. அட்டை பிரிண்டில் குடும்ப போட்டோவை ஒட்டி, எச்.ஆர். கையெழுத்தும் சீலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பலர் செய்யாமல் விடுவது இதைத்தான்!

காண்ட்ராக்ட் ஆள்தானே என்று ஒதுக்க முடியுமா? முடியாது! ஏஜென்சி கட்டாவிட்டால் பெரிய கம்பெனிதான் கட்ட வேண்டும். சட்டமே அப்படி!

காய்ச்சலில் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. காசநோய், புற்றுநோய் உட்பட 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம், 2 வருஷம் வரை! பிரசவத்துக்கு முழுச் சம்பளம், 26 வாரம்! ஒரு கண்டிஷன்: 91 நாள் கணக்குக்கு அரையாண்டில் 78 நாள் பிடித்தம் ஓடியிருக்க வேண்டும்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் 100 சதவீதச் சம்பளம் உண்டு. பெண்ணுக்கு 14 நாள், ஆணுக்கு 7 நாள். கேட்டு வாங்கிய ஆண்கள் எத்தனை பேரோ!

மெஷினில் கை சிக்கினால் எத்தனை நாள் சர்வீஸ் வேண்டும்? வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே போதும்! உதவித்தொகை 90 சதவீதம்.

விடிகாலை ஷிப்டுக்கு வாலாஜாபாத்திலிருந்து வரும் வழியில் விபத்தா? 2010 திருத்தத்துக்குப் பிறகு, வேலைக்காகப் போய்வரும் வழியில் நடந்ததும் வேலைக் காயத்தில் சேரும்!

நோய் உதவித்தொகை வாங்கிக்கொண்டு படுத்திருப்பவரை வேலையை விட்டுத் தூக்க முடியாது. அந்தப் பணத்தைக் கோர்ட்டுகூட ஜப்தி செய்ய முடியாது!

21,000-க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசர்களே, உங்கள் குரூப் மெடிக்ளைமில் ஒரு வெடிகுண்டு! ரூம் வாடகை வரம்பு 5,000 என்று வையுங்கள். நீங்கள் 10,000 ரூபாய் ரூமில் படுத்தீர்கள். பாலிசியில் விகிதப்படி வெட்டும் ஷரத்து இருந்தால் வாடகையோடு போகாது. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணம் எல்லாமே பாதியாகும்! மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனைக் கட்டணம் போன்றவை தப்பும்.

ஆனால் ஒரு நல்ல சேதி. கேஷ்லெஸ் கேட்டால் 1 மணி நேரத்தில் பதில் வர வேண்டும். டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு 3 மணி நேரம்தான் கெடு. தாண்டினால் கூடும் ஆஸ்பத்திரிச் செலவு இன்சூரன்ஸ் கம்பெனியின் தலையில்! 2024-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. போட்ட உத்தரவு இது. டிஸ்சார்ஜ் அன்று கவுன்டரில் கடிகாரத்தைக் காட்டுங்கள்!

மொத்தம் எத்தனை பேர் இ.எஸ்.ஐ. குடையின் கீழ்? குடும்பத்தோடு சேர்த்து 13 கோடிக்கும் மேல். ஜப்பானின் மக்கள்தொகையைவிட அதிகம்!

ரிட்டயர் ஆனபின் வைத்தியம் நின்றுவிடுமா? குறைந்தது 5 வருஷம் இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெற்றால் கணவன், மனைவி இருவருக்கும் தொடரும். இருவருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியது எவ்வளவு? மாதத்துக்கு இல்லை, வருஷத்துக்கு 120 ரூபாய்!