கரையும் கப்பலும் - 9: வடக்கே போன சிவப்பு விளக்கு

கல்மண்டபம் பக்கத்துப் பையன்கள் ஆடும் கடற்போர் விளையாட்டுகளில் ஒரு கட்டம் வரும். கரையில் நிற்கும் பெரிய பீரங்கி உங்கள் கையில். தூரத்தில் எதிரிக் கப்பல் ஓடிக்கொண்டிருக்கும். அதன் தலைக்கு மேல் தூரம் எண்ணாகத் தெரியும், சில விளையாட்டுகளில் எங்கே குறிவைக்க வேண்டும் என்று ஒரு புள்ளிகூட மிதக்கும். புள்ளியில் வைத்துச் சுட்டால் கப்பல் எரியும். "அப்புறம் ஏண்ணே எம்டன் தப்பிச்சுது? நம்ம கரையில பீரங்கியே இல்லியா?" என்று அவர்களில் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. பீரங்கி இருந்தது. அந்தப் புள்ளிதான் இல்லை.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்ற கதை இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் சுமார் 3,000 கஜம் வரை நெருங்கி, தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டார். ஏறத்தாழ 130 குண்டுகள், அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல் ஒன்றிலும் குண்டு விழுந்து உயிர்கள் போயின. கரைப் பீரங்கிகள் பதிலுக்குச் சில குண்டுகளை அனுப்பின. ஒன்றுகூடப் படவில்லை. உயர் நீதிமன்ற மதிலில் எம்டன் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல் இன்றும் இருக்கிறது. பதிலுக்குப் போன குண்டுகள் கடலில் விழுந்தன. கடலில் யார் கல் நடுவது?

கரைக்காரர்களைக் கையாலாகாதவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கணக்கைப் பாருங்கள்.

எம்டனின் நீளம் 118 மீட்டர். முழு வேகம் 23 நாட்டுக்குச் சற்று மேல், அதாவது நொடிக்கு 12 மீட்டர். தன் நீளத்தைத் தானே கடக்க அதற்குப் பத்து நொடி போதும். 3,000 கஜத்துக்குப் பீரங்கிக் குண்டு போய்ச்சேர ஐந்தாறு நொடி ஆகும். அதற்குள் முழு வேகக் கப்பல் பாதி நீளம் நகர்ந்துவிடும். பத்து கிலோமீட்டர் என்றால் குண்டு இருபது நொடிக்கு மேல் வானத்தில் இருக்கும். கப்பல் தன் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளிப் போயிருக்கும். ஆகவே கப்பலைப் பார்த்துச் சுடுவதில் பயனில்லை. அது இருக்கப்போகும் இடத்தில் இப்போது தெரிவது வெறும் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைத்தான் சுட வேண்டும். விளையாடுகிறவர்கள் 'லீட்' என்பது இதைத்தான். ஆனால் எவ்வளவு லீட் கொடுப்பது என்று தெரிய வேண்டுமானால் தூரம், வேகம், போகும் திசை மூன்றும் கையில் இருக்க வேண்டும். விளையாட்டு இந்த மூன்றையும் இனாமாகக் கொடுத்துவிடுகிறது. நிஜப் பீரங்கிக்காரனின் வேலையில் முக்கால்வாசி அவற்றைக் கண்டுபிடிப்பதுதான். சுடுவது கடைசி வேலை.

தூரம் அளக்க அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கரைக் காவல் படைக்கு ஒரு நல்ல கருவி கிடைத்திருந்தது. வாட்கின் என்ற பீரங்கிப்படை அதிகாரி உருவாக்கியது. உயரமான இடத்தில் அதை வைத்து, கப்பல் தண்ணீரைத் தொடும் கோட்டைத் தொலைநோக்கியில் பிடிக்க வேண்டும். பார்வை எவ்வளவு கீழே சாய்கிறதோ அதிலிருந்து தூரம் கிடைத்துவிடும், கடல்மட்டம் ஏறி இறங்குவதற்கு மட்டும் திருத்தம் போட வேண்டும். குன்றின் மேல் இது அற்புதமாக வேலை செய்யும். நம்முடைய கரையோ காசிமேட்டிலிருந்து சாந்தோம் வரை தாம்பாளம் மாதிரி தட்டை. 30 மீட்டர் உயரத்தில் ஏறி நின்று பார்த்தாலும், 3 கிலோமீட்டரில் நிற்கும் கப்பலுக்குப் பார்வை சாய்வது அரை டிகிரியை ஒட்டித்தான். சிறு பிழை வந்தாலும் நூறு மீட்டர் தவறும். அதுவும் இருட்டில் தண்ணீர்க்கோடு எங்கே தெரியப்போகிறது?

அளக்க முடியாவிட்டால் சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் குண்டு கப்பலுக்கு அப்பால் விழுந்தால் தூரத்தைக் குறை, அடுத்தது இப்பால் விழுந்தால் இரண்டுக்கும் நடுவில் போடு. இடம் வலம் தவறுவது கண்ணுக்கு உடனே தெரியும். முன் பின் தவறுவதைக் கண்டுபிடிப்பதுதான் பாடு: எழும்பும் நீர்த்தூண் கப்பலுக்கு முன்னால் தெரிகிறதா, கப்பல் அதை மறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பகலில் பழகிய கண்ணுக்கு அது பிடிபடும். இரவில், பின்னால் எண்ணெய்த் தொட்டி எரிந்துகொண்டிருக்க, எதிரே தேடுவிளக்கு கண்ணைக் கூச, எந்த நீர்த்தூணைப் பார்ப்பது? முல்லருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அவருடைய இலக்கு நகராத தொட்டி. ஊரிலோ விளக்குகூட அணைக்கப்படவில்லை.

போகும்போதும் அவர் ஒரு வித்தை செய்தார். இடப்பக்க விளக்கை எரியவிட்டபடி வடக்கே போனார். இரவில் கடலில் சிவப்பு விளக்கு தெரிந்தால் கப்பலின் இடப்பக்கம் நம்மைப் பார்த்திருக்கிறது என்று பொருள். கிழக்குக் கடற்கரையில் நிற்பவனுக்கு அது வடக்கே போகிறது. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிற எவரும் யோசிக்காமல் சொல்வார்கள். கரையிலிருந்தவர்களும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். சற்றுத் தூரம் போனதும் விளக்கை அணைத்துவிட்டு எம்டன் தெற்கே திரும்பியது. மூன்று விடைகளில் கரைக்குச் சுலபமாகக் கிடைத்த ஒன்று திசை. அதுவும் பொய்.

அப்படியானால் கரைப் பீரங்கியே வீணா? இல்லை. 1940 ஏப்ரல் 9 விடியற்காலையில் நார்வேயின் ஆஸ்கார்ஸ்போர்க் கோட்டையைக் கடந்து ஆஸ்லோவுக்குப் போக வந்தது ப்ளூஷர் என்ற புத்தம்புது ஜெர்மன் போர்க்கப்பல். கோட்டையில் இருந்தவை கிட்டத்தட்ட ஐம்பது வயதான க்ருப் பீரங்கிகள். ஆள் பற்றாக்குறை. தளபதி பிர்கர் எரிக்சன் இரண்டே குண்டுகள் சுடவைத்தார், இரண்டும் பட்டன. பிறகு கரையிலிருந்து போன டார்பிடோக்கள் அதை முடித்தன. அங்கே கடல் ஒரு குறுகலான சந்து. கப்பல் எங்கே வரும், எவ்வளவு தூரத்தில் வரும் என்று கோட்டைக்கு வருஷக்கணக்காகத் தெரியும். இரண்டு கிலோமீட்டருக்கும் குறைந்த தூரம் வேறு. சென்னைக்கு முன்னால் இருப்பதோ வங்காள விரிகுடா முழுவதும்.

எம்டனுக்கே இந்தக் கணக்கின் அருமை தெரியும். அதே 1914இல், நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியுடன் மோதியபோது எம்டனின் குண்டு ஒன்று சிட்னியின் தூரமானியையே அடித்து, அதில் அமர்ந்திருந்தவரைக் கொன்றது. ஆனாலும் சிட்னியின் ஆறு அங்குலப் பீரங்கிகளுக்கு எம்டன் ஈடுகொடுக்க முடியவில்லை. பவளப்பாறையில் ஏறி அதன் கதை முடிந்தது.

கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு யோசனை. சில விளையாட்டுகளில் அந்தப் புள்ளியையும் தூர எண்ணையும் அணைத்துவைக்க வழி இருக்கும். அணைத்துவிட்டு, இரவுக் காட்சியைத் தேர்ந்தெடுத்து, கையில் ஒரு ஸ்டாப்வாட்சுடன் ஆடிப் பார்க்கட்டும்.

அடுத்த வாரம் திருகோணமலைக்குப் போகலாம். அங்கே குன்றும் உண்டு, இயற்கைத் துறைமுகமும் உண்டு, கடலைப் பார்த்தபடி பீரங்கிகளும் இருந்தன. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வந்தது வானத்தின் வழியே.

(தொடரும்)