விரல் மரத்துப் போகிறதா? டயரைக் கவனியுங்கள்!

கடமலைக்குண்டிலிருந்து வருசநாட்டுப் பக்கமாகக் காலையில் சைக்கிள் மிதிக்கிறீர்கள். ஒல்லியான டயர் போட்ட ரேஸ் சைக்கிள். கொஞ்ச தூரம் போனதுமே சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகின்றன. 'ரத்த ஓட்டம் நின்னு போச்சோ?' என்று பயந்துவிடாதீர்கள். மணிக்கட்டு வழியாக அந்த விரல்களுக்குப் போகும் அல்நார் நரம்பு, ஹாண்டில்பாரில் அழுந்துகிறது. சாலையின் அதிர்வும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்!

அதிர்வு அதிகமாவதற்கு ஒரு முக்கியக் காரணம், கல் மாதிரி அடித்த காற்று. ''காத்து கம்மியா இருந்தா டியூப் போயிரும்ணே'' என்று பங்ச்சர் கடைத் தம்பி சொல்வதும் நிஜம்தான். பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அதற்குப் பயந்தே பலர் 100 பி.எஸ்.ஐ. வரை ஏற்றுகிறார்கள்.

மோட்டார் பைக்கில் நீங்கள் பார்த்துப் பழகிய டியூப்லெஸ் டயர் இப்போது சைக்கிளுக்கும் உண்டு. நசுங்க டியூபே இல்லை! 70 கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. டயரில் ஏறக்குறைய 65 பி.எஸ்.ஐ. வைத்தாலே போதும். அதிர்வு குறையும். கருவேல முள் குத்தினாலும், உள்ளே ஊற்றியிருக்கும் ரப்பர் பால் சின்ன ஓட்டையைத் தானே அடைத்துவிடும்.

சைக்கிளுக்குக் காற்று டயர் வந்த கதையே இதுதான். தன் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்குகிறதே என்று டயர் செய்து, 1888-ல் காப்புரிமை பெற்ற டன்லப், பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவர்!

ஆனால், சாதாரண ரிம்மில் டியூபைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். ஸ்போக் ஓட்டை வழியே காற்று போகும். டயரே கழன்று ஆளைத் தள்ளிவிடலாம். இதற்கென்றே செய்த ரிம், டயர் இரண்டும் வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு ரப்பர் பால் சீக்கிரம் காயும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். கண்ணில் தெறித்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பெரிய கிழிசலுக்குப் பால் உதவாது, பையில் ஒரு டியூப் இருக்கட்டும்.

வீட்டில் இருப்பது பழைய கறுப்பு சைக்கிளா? செலவே வேண்டாம். அதன் டயர் அகலமானது. காற்றை அளவாக வைத்தால் போதும். நடுநடுவே கையை மாற்றிப் பிடியுங்கள்.

இறங்கி ஒரு நாளாகியும் மரப்பு போகவில்லை, சட்டைப் பித்தான் போடவே விரல் தடுமாறுகிறது என்றாலோ, உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ, டயரை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள்.