தீவு ஓட்டலின் நீச்சல் குளம்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் ஓட்டல் தேடும்போது 'நீச்சல் குளம்' என்ற கட்டத்தை மறக்காமல் டிக் செய்கிறார்கள். சுற்றிலும் கடல் இருக்கும்போது குளம் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. ஓட்டல்கள் வரிசையாக இருக்கும் விஜயநகர் கடற்கரையில், கடல் உள்வாங்கும் நேரத்தில் போய் நின்று பார்த்தால் அவர்களுக்குப் பதில் கிடைத்துவிடும். நீந்தத் தண்ணீர் இருக்காது. கணுக்கால் ஆழத்தில் பாறையும் செத்த பவளமும் காலைக் கிழிக்கும். பக்கத்துத் தீவான நீலிலும் பல கரைகள் அப்படித்தான். போதாக்குறைக்கு அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010இல் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைப் பக்கம் கடலில் இறங்கிய அமெரிக்கப் பெண் ஒருவர் முதலைக்குப் பலியானார். ஆகவே பிள்ளைகள் பயமில்லாமல் தண்ணீரில் ஆடட்டும் என்று குளமுள்ள ஓட்டலைத் தேடுவதும், அதற்காக வாடகை கொஞ்சம் கூடக் கொடுப்பதும் நியாயமான காரியம்தான்.

ஆனால் படத்தில் நீல நிறம் மட்டும்தான் தெரியும். குளம் எவ்வளவு ஆழம், பக்கத்தில் யாராவது நிற்பார்களா, மோட்டார் ஓடுகிறதா என்பதெல்லாம் தெரியாது. குளத்தால் வரும் ஆபத்து முழுவதும் தெரியாத அந்த விஷயங்களில்தான் இருக்கிறது.

2024 நவம்பரில் மங்களூரு அருகே ஒரு கடற்கரை ரிசார்ட்டில் நடந்ததை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. மைசூரைச் சேர்ந்த 3 கல்லூரி மாணவிகள் வார இறுதிக்குத் தங்க வந்தார்கள். காலையில் குளத்தில் இறங்கினார்கள். ஒருவர் ஆழப் பகுதிக்குப் போய்த் தத்தளிக்க, அவரைப் பிடிக்க இன்னொருவர் போனார், அடுத்து மூன்றாமவரும் போனார். மூவருக்கும் நீந்தத் தெரியாது. சில நிமிடங்களில் மூவரும் இறந்துபோனார்கள். எல்லாம் கண்காணிப்பு கேமராவில் பதிவாகியிருந்தது, ஆனால் பார்த்து ஓடிவர ஆள் இல்லை. குளத்தின் ஒரு முனை சுமார் 6 அடி ஆழம். ஆழம் எங்கே கூடுகிறது என்று எழுதி வைக்கவில்லை, உயிர்காப்பாளரும் இல்லை என்று காவல்துறை சொன்னது. உரிமையாளரும் மேலாளரும் கைதானார்கள், ரிசார்ட்டின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது.

மங்களூரு மருத்துவக் கல்லூரிகள் நிறைந்த ஊர். ஹேவ்லாக் அப்படியல்ல. அங்கே இருக்கும் அரசு ஆரம்ப சுகாதார வசதியைத் தாண்டி ஏதாவது தேவையென்றால், சுமார் 40 கிலோமீட்டர் கடலைக் கடந்து போர்ட் பிளேயருக்கு, அதாவது 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட ஊருக்குத்தான் போயாக வேண்டும். வேகமான தனியார் படகிலேயே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். இரவில் பயணிகள் படகு கிடையாது. கடல் கொந்தளித்தால் பகலிலும் கிடையாது. 2016 டிசம்பரில், பிறகு வர்தா என்று பெயர் பெற்றுச் சென்னையைப் புரட்டிப்போட்ட அதே புயல் சின்னம் அந்தமானருகே உருவானபோது, ஹேவ்லாக்கிலும் நீலிலும் நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள்தான் போய் அழைத்துவந்தன. நீரில் மூழ்கியவரின் மூளை மூச்சில்லாமல் தாங்குவது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் உதவக்கூடியவர் குளத்தின் கரையில் இருக்கிறவர் மட்டுமே. சின்னத் தீவில் குளமுள்ள ஓட்டலைத் தேர்ந்தெடுப்பது என்றால், அந்தக் கரையில் யார் இருப்பார் என்பதைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

எழுத்தில் கேளுங்கள்

தொலைபேசியில் "பூல் இருக்கு சார்" என்று சொல்வார்கள். அது போதாது. வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ இப்படிக் கேளுங்கள்: "நாங்கள் தங்கும் இந்தத் தேதிகளில் குளம் திறந்திருக்குமா? எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? குறைந்த ஆழம் எவ்வளவு, கூடுதல் ஆழம் எவ்வளவு? குழந்தைகளுக்குத் தனிக் குளம் உண்டா? அந்த நேரம் முழுவதும் உயிர்காப்பாளர் இருப்பாரா? குளம் உங்கள் வளாகத்திலேயே இருக்கிறதா?" கடைசிக் கேள்வி வேண்டாததுபோலத் தோன்றும். அதே நிறுவனம் நடத்தும் பக்கத்து ஓட்டலின் குளத்தைத் தன் படங்களோடு சேர்த்துப் போடும் இடங்கள் உண்டு. அறைக்கு வெளியே நாலு பேர் உட்கார்ந்தால் நிரம்பிவிடும் தொட்டியையும் குளம் என்றே எழுதுவார்கள்.

நேரத்தைக் கேட்கவும் காரணம் உண்டு. அந்தமான் நம்மைவிட வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் இந்திய நேரத்தில்தான் ஓடுகிறது. டிசம்பரில் மாலை 5 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். ஊர் சுற்றிவிட்டுக் குடும்பம் அறைக்குத் திரும்பும்போது இருட்டியிருக்கும். பிள்ளைகள் குளத்துக்கு ஓடுவது அப்போதுதான். இருட்டிய பின் திறந்திருந்தால் விளக்கு இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். வெளிச்சம் இல்லாத குளத்தில் அடியில் கிடக்கும் குழந்தை கண்ணில் படாது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை போகிறவர்கள் தண்ணீரைப் பற்றியும் கேட்க வேண்டும். அந்தத் தீவுகளில் மழை பொதுவாக மே மாதத்தில் தொடங்கும். அதற்கு முந்தைய வறண்ட மாதங்களில் குடிநீருக்கே தட்டுப்பாடு வரும். பராமரிப்பு என்ற பெயரில் குளத்தைப் பூட்டுவதும், குளத்து நீரை மாற்றாமல் விடுவதும் அப்போது நடக்கக்கூடியவை. மின்சாரமும் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரை நம்பியது. மோட்டார் நின்றால் நீர் வடிகட்டியில் சுழலாது, குளோரின் எங்கும் சமமாகக் கலக்காது. மின்தடையின்போது மோட்டாருக்கு மாற்று ஏற்பாடு உண்டா என்பதையும் கேட்டு வையுங்கள்.

பதில் வந்ததும் அதையும், ஓட்டல் பக்கத்தில் 'நீச்சல் குளம்' என்று போட்டிருப்பதையும், படங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டிய பிறகு அந்தப் பக்கம் மாறிவிடலாம். பதிலே சொல்லாத ஓட்டலைத் தவிர்ப்பது நல்லது. கேள்விக்குப் பதில் எழுதச் சோம்பும் இடத்தில் குளத்தங்கரையில் ஆள் நிற்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

போய்ச் சேர்ந்ததும்

பெட்டியை அறையில் வைத்துவிட்டுப் பெரியவர் ஒருவர் முதலில் குளத்தைப் பார்த்துவர வேண்டும். ஆழமான முனையில் நின்று கீழே பாருங்கள். அடியில் உள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாத அளவு நீர் கலங்கியிருந்தால் அன்று யாரும் இறங்கக்கூடாது. அந்த மூடி உடைந்தோ ஆடிக்கொண்டோ இருந்தாலும் இறங்காதீர்கள். மோட்டாரின் இழுவிசை நீண்ட முடியையும் சிறு பிள்ளையின் கையையும் பற்றிக்கொண்டால் பெரியவர் பலம் போட்டாலும் விடுவிக்க முடியாமல் போகும். மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாடை' அடித்தால் சுத்தமான குளம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கலந்து உண்டாகும் குளோரமைன்களின் வாடை அது. நன்றாகப் பராமரித்த குளத்தில் வாடை லேசாகத்தான் இருக்கும்.

ஆழம் விளிம்பில் எழுதியிருக்கிறதா, கயிறு கட்டிய மிதவை வளையம் கைக்கெட்டும் இடத்தில் தொங்குகிறதா என்று பாருங்கள். மிதவை வளையத்தை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டியிருந்தால் இல்லாததற்குச் சமம். நீருக்கடியில் உள்ள விளக்கின் கண்ணாடி உடைந்திருந்தால் உடனே நிர்வாகத்திடம் சொல்லுங்கள், மின்கசிவு குளம் முழுவதும் பரவும். ஆழம் தெரியாத இடத்தில் தலைகீழாகப் பாய்வதைப் பதின்ம வயதுப் பையன்களுக்குக் கண்டிப்பாகத் தடை செய்ய வேண்டும். 1972இல் டெல்லி ஐந்து நட்சத்திர ஓட்டல் ஒன்றின் குளத்தில் பாய்ந்த ஜெர்மன் துணை விமானி ஒருவர் தலை அடியில் மோதிக் கைகால் செயலிழந்தார். 13 ஆண்டுகள் அந்த நிலையிலேயே வாழ்ந்து இறந்தார்.

நம் பக்கமும் கடமை இருக்கிறது. மூழ்குகிற பிள்ளை கத்தாது. வாய் நீர்மட்டத்தில் இருக்கும்போது கத்த மூச்சு இருக்காது. சத்தம் இல்லை, அதனால் சரியாகத்தான் இருக்கிறான் என்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. வெளியே எடுத்த பிள்ளைக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கும் பழைய பழக்கம் வேண்டாம், நேரம் வீணாகும். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதும் நெஞ்சை அழுத்துவதும் சேர்ந்த முதலுதவிதான் உயிர் காக்கும். பயணத்துக்கு முன் வீட்டில் ஒருவராவது அதைப் பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்வது நல்லது. அவசர எண் 112.

குளம் பூட்டியிருந்தால், பலகை மிரட்டினால்

போய்ப் பார்த்தால் குளம் காலி, அல்லது பச்சைப் பாசி. உடனே தேதி தெரியும்படி வீடியோ எடுங்கள். புகாரை மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து, வேறு ஓட்டலோ வாடகையில் ஒரு பகுதியோ கேளுங்கள். இணையதளம் வழியாக புக் செய்திருந்தால் அதன் குறைதீர் அலுவலருக்கும் அன்றே அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 'நாங்கள் இடைத்தரகர் மட்டுமே' என்று தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அதிலும் நடக்கவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இங்கேதான் பலர் 'அந்தமானுக்குப் போய் யார் கேஸ் நடத்துவது' என்று கைவிட்டுவிடுகிறார்கள். போக வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க அனுமதிக்கிறது. மதுரைக்காரர் மதுரை மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். விரைவில் முடிக்கச் சட்டம் சொன்னாலும் நடப்பில் இழுக்கும், அதை மனத்தில் வைத்துத்தான் இறங்க வேண்டும். ஆனால் புக்கிங்குக்கு முன் எழுத்தில் வாங்கிய அந்தப் பதில் கையில் இருந்தால், வழக்கறிஞர் அறிவிப்பு நிலையிலேயே ஓட்டல் இறங்கிவரலாம்.

குளத்தருகே 'உங்கள் சொந்தப் பொறுப்பில் நீந்தவும், நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற பலகை ஏறக்குறைய எல்லா ஓட்டலிலும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு உரிமையே இல்லை என்று நினைக்க வேண்டாம். டெல்லி நட்சத்திர ஓட்டல் ஒன்றில் சாவி வாங்கி நிறுத்திய கார் திருடுபோன வழக்கில், கார் நிறுத்தியதற்குத் தந்த சீட்டின் பின்னால் அச்சிட்ட 'உரிமையாளரின் பொறுப்பு' வாசகத்தைக் காட்டி ஓட்டல் தப்ப முடியாது, தான் உரிய கவனம் எடுத்ததை அது முதலில் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் சொன்னது. அது காரைப் பற்றிய தீர்ப்பு என்றாலும், குளத்துப் பலகையை எதிர்த்து வாதாட நல்ல பிடி. ஆழம் எழுதாததும் ஆள் நிறுத்தாததும் கவனக்குறைவு இல்லையென்றால் வேறெது கவனக்குறைவு?

காயமோ உயிரிழப்போ நேர்ந்துவிட்டால் நுகர்வோர் வழக்கு தனி, குற்ற வழக்கு தனி. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. அந்தத் தீவின் காவல் நிலையத்தில் அன்றே புகார் பதிவாக வேண்டும். கேமரா பதிவைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள், காவல்துறைப் புகாரிலும் அதைக் குறிப்பிடுங்கள். பல இடங்களில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறி, சில வாரங்களில் அழிந்துவிடும். தீவின் மருத்துவமனையில் முதலில் பார்த்த மருத்துவரிடம் காயச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கி, அதன்பிறகே படகேறுங்கள்.