காற்று விட்டுப் பிரியும் இடம்

1973ஆம் ஆண்டு. கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனச் சாலையில் சைக்கிள் மிதித்துக்கொண்டு போகிறார் எட்வின் சால்ட்ஸ்மன். பின்னாளில் டிரைடன் என்று பெயர் பெற்ற நாசா விமான ஆய்வு மையத்தில் பொறியாளர். ஒரு பெரிய லாரி அவரைக் கடக்கிறது. அதன் முகம் பக்கத்தில் வரும்போது காற்று அவரைச் சாலையோரத்துக்குத் தள்ளுகிறது. வால் கடக்கும்போது அதே காற்று அவரை லாரிப் பக்கமாக இழுக்கிறது. நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டியில் போன எவருக்கும் இந்தத் தள்ளலும் இழுவையும் பழக்கம்தான். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்வோம், லாரி போனதும் மறந்துவிடுவோம். சால்ட்ஸ்மன் மறக்கவில்லை. ஒரு மனிதனையும் சைக்கிளையும் சேர்த்து அசைக்கிற காற்றுக்கு அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? லாரியின் டீசலிலிருந்துதான்.

அவரும் சகாக்களும் அடுத்துச் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். சரக்கு கொண்டுபோய்க் கொடுத்து ஓய்ந்த ஒரு பழைய வேனை எடுத்தார்கள். அதைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து, எல்லா மூலையும் கூர்மையாக நிற்கும் ஒரு பெட்டியாக்கினார்கள். அதற்கு வைத்த பெயரே ‘ஷூ பெட்டி’. மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகம் எடுப்பார்கள், கியரை நியூட்ரலுக்குத் தள்ளுவார்கள், வேன் தானாக உருண்டு வேகம் இழப்பதை அளப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் வேகம் குறைகிறதோ அவ்வளவு தடை. பிறகு மூலைகளை ஒவ்வொன்றாக உருட்டினார்கள். முன்னும் பின்னும் நின்றவாக்கில் உள்ள விளிம்புகளை மட்டும் வளைத்ததில் காற்றுத் தடை 40 சதவீதம் குறைந்தது. அதற்காக வேனுக்குள் இழந்த இடம் 1.3 சதவீதம். கிடைமட்ட விளிம்புகளையும் வளைத்தபோது தடை 54 சதவீதம் குறைந்தது, இடம் 3 சதவீதம் போனது. என்ஜினில் கை வைக்கவில்லை. பெட்டியின் கூர்முனைகளை மழுக்கியதோடு சரி.

இது எப்படி? காற்று லேசானது என்று நினைத்தே பழகிவிட்டோம். ஒரு சாதாரணக் காரை முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் பரப்பு ஏறக்குறைய 2 சதுர மீட்டர். அது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், ஒவ்வொரு நொடியும் சுமார் 70 கிலோ காற்று அதன் வழியில் நிற்கிறது. நொடிக்கு ஓர் ஆள் எடை! அதை விலக்கி வழிவிடச் செய்ய வேண்டும். விலகிய காற்று பின்னால் ஒழுங்காகத் திரும்பிச் சேரவும் வேண்டும். அந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் யோசிப்பதே இல்லை.

காற்றைக் ‘கிழித்துக்கொண்டு’ போவதாகச் சொல்கிறோம். அந்தச் சொல்தான் நம்மைத் தவறான பக்கம் அனுப்புகிறது. காற்றைக் கிழிக்க வேண்டியதில்லை, அது உடம்போடு ஒட்டி வழியும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கூர்மையான மூலையில் காற்றால் திரும்ப முடியாது. பரப்பை விட்டுப் பிரிந்து சுழலாக உடைந்துவிடும். முகத்தில் காற்று அமுக்குகிறது. பின்புறத்திலும் அதே அளவு அமுக்கினால் கணக்குச் சரியாகிவிடும். ஆனால் காற்று முன்னமே பிரிந்துபோனால் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு குழி உருவாகி, வண்டியோடு கூடவே வருகிறது. சால்ட்ஸ்மனைத் தள்ளியது லாரியின் முகத்து அழுத்தம். இழுத்தது அந்தக் குழி.

சூரை மீனைப் பாருங்கள். அதன் பருமன் முன்பாதியில். அங்கிருந்து வால்வரை மெல்ல மெல்ல ஒடுங்குகிறது. கடலில் வேகமாக ஓடும் உயிருக்கு ஊசி உடம்பு அமையவில்லை, நிதானமாக ஒடுங்கும் பின்புறம்தான் அமைந்திருக்கிறது. ஆனால் காருக்கு அவ்வளவு நீண்ட வால் வைத்தால் எங்கே நிறுத்துவது? 1930களில் ஜெர்மனியில் வூனிபால்ட் காமும் அவரோடு உழைத்தவர்களும் இதற்கு வழி கண்டார்கள். கூரையை மெல்லச் சரித்துக்கொண்டே போய், ஓரிடத்தில் நறுக்கென்று வெட்டிவிடலாம். பெரும்பகுதி லாபம் கையில் நிற்கும். டொயோட்டா பிரியுஸின் பின்புறம் அப்படி வெட்டுண்டு நிற்பது அதனால்தான். சரிவு பத்துப் பதினைந்து டிகிரிக்குள் இருந்தால் காற்று ஒட்டி வரும். அதற்கு மேல் போகப்போகப் பிரியத் தொடங்கும்.

அமெரிக்காவில் வீட்டு கராஜில் காரைத் திருத்துகிறவர்கள் இதையெல்லாம் அட்டையும் டேப்பும் வைத்தே சோதிக்கிறார்கள். முதல் கருவி கம்பளி நூல். விரல் நீள நூல்துண்டுகளை, ஒரு முனையில் மட்டும் டேப் ஒட்டி, கூரையிலிருந்து பின்கண்ணாடிவரை வரிசையாகப் பதிக்கிறார்கள். இன்னொரு கார் பின்னால் வர, அதிலிருந்து ஒருவர் படம் பிடிப்பார். கூரைமேல் நூல்கள் எண்ணெய் தடவி வாரிய தலைமுடிபோலப் படிந்து கிடக்கும். கூரை முடிந்து கண்ணாடி சரியும் இடத்தில் ஒன்றிரண்டு நடுங்கும். இன்னும் கீழே சில நூல்கள் சுற்றிச் சுழலும். சில நூல்களின் நுனி காரின் முன்பக்கம் பார்த்து நிற்கும். கார் முன்னே பாய்கிறது, அந்த இடத்தில் காற்றும் காரோடு முன்னோக்கி ஓடுகிறது! கண்ணுக்குத் தெரியாத குழியின் எல்லை நூலில் எழுதப்பட்டுவிட்டது.

காருக்கு அடியில் புகைக்குழாய், அச்சு, சஸ்பென்ஷன் என்று எல்லாம் துருத்திக்கொண்டிருக்கும். இதை அவர்கள் உட்புறம் வரிவரியாகக் குழலோடிய லேசான பிளாஸ்டிக் பலகையால் மூடுகிறார்கள். சக்கரங்களுக்கு வழவழப்பான மூடி போடுகிறார்கள். சக்கரம் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் இருக்கிறது, உச்சியோ காரைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னே போகிறது. கார் நூறில் போனால் டயரின் உச்சி இருநூறில் காற்றை அலைக்கிறது. குளிர்காலத்தில் முன் கிரில்லில் ஒரு பகுதியை அடைப்பதும் உண்டு. வெயில் நாட்டில் அதைச் செய்தால் என்ஜின் சூடேறும். புகைக்குழாயைப் பிளாஸ்டிக்கால் மூடினால் தீப்பிடிக்கலாம். ஓட்டத்தில் கழன்று விழும் பலகை பின்னால் வருகிறவரின் உயிருக்கு ஆபத்து. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, நிறுவனம் குறித்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். அழகுக்காகப் பின்னால் மாட்டும் இறக்கை பெரும்பாலும் தடையைக் கூட்டவே செய்கிறது. அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

லாபம் எல்லா வேகத்திலும் கிடைக்காது. வேகம் இரட்டித்தால் காற்றுத் தடை நான்கு மடங்கு. 1,100 கிலோ எடையுள்ள ஒரு சிறிய காருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால், மணிக்கு 60 கிலோமீட்டர் வரை டயர் உருளும் தடைதான் பெரிது, அதற்கு மேல் காற்று முந்துகிறது. சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஊருக்குள் இந்தப் பலகைகளால் பயன் சொற்பமே. பெட்ரோல் கணக்கை மட்டும் நம்பியும் பலனைச் சொல்ல முடியாது. எதிர்க்காற்று, டயர் அழுத்தம், வெயில், எல்லாம் அதில் கலந்துவிடும். அதனால் கராஜ்காரர்களும் டிரைடன்காரர்களின் வழிக்கே வருகிறார்கள். போக்குவரத்து இல்லாத சமதரைச் சாலையில், போகும் திசையிலும் வரும் திசையிலும் நியூட்ரலில் உருட்டி அளக்கிறார்கள். பலகையை மாட்டி ஒருமுறை, கழற்றி ஒருமுறை, மறுபடி மாட்டி ஒருமுறை.

டிரைடனில் கடைசியாக வேனின் அடிப்பகுதியை மூடி, பின்னால் படகுபோல ஒடுங்கும் வால் ஒன்றைச் சேர்த்தார்கள். அடிப்பகுதியை மூடியதாலேயே தடை இன்னும் சுமார் 15 சதவீதம் குறைந்தது. ஆனால் வால் வைக்க வேண்டிய இடத்தில்தானே சரக்கு லாரிக்குக் கதவு இருக்கிறது? பிற்பாடு அமெரிக்க லாரிகளில் அந்த வால் மடக்குப் பலகைகளாக வந்தது. ஓட்டத்தில் அவை பின்னால் நீட்டி நிற்கும். சரக்கு இறக்கும் இடத்தில் ஓட்டுநர் இறங்கி, பலகைகளைக் கதவோடு மடக்கி வைத்துவிட்டுக் கதவைத் திறப்பார்.