‘ஆறு நிக்குது’

மந்தாரக்குப்பம் டீக்கடையில் ‘ஆறு நிக்குதாம்’ என்றால் எந்த ஆறு என்று யாரும் கேட்கமாட்டார்கள். நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஆறாவது யூனிட்தான். மொத்தம் ஏழு யூனிட். ஒவ்வொன்றும் 210 மெகாவாட். எண்பதுகளின் நடுவில் தொடங்கி 1993-க்குள் ஏழும் ஓடத் தொடங்கிவிட்டன.

பழுப்பு நிலக்கரியில் பாதி தண்ணீர். எரியும்போது வரும் சாம்பல் பாய்லர் குழாய்களில் அப்பிக்கொள்ளும், உரசி உரசி அவற்றைத் தேய்க்கும். அதனால் யூனிட்டை நிறுத்தி, ஆறவிட்டு, ஆள் உள்ளே இறங்கிப் பார்த்துத்தான் ஆகவேண்டும். அன்று அந்த ஓவர்ஹால் வேலையில் நிரந்தரத் தொழிலாளர்களின் கை ஓங்கியிருந்தது. போன வருடம் தான் ஒட்டுவைத்த குழாயை இந்த வருடமும் அதே ஃபிட்டர் தட்டிப் பார்ப்பார். அந்தக் காலமே பொற்காலம் என்று பேசுகிறவர்களுக்கு நான் பாதிதான் தலையாட்டுவேன். அப்போது இயந்திரமும் இளசு. சிறு கவனப்பிசகைப் பொறுத்துக்கொள்ளும்.

2003-இல் தென் மாநில மின்சாரத்துக்குப் புதுக் கணக்கு வந்தது. ஒரு நிலையம் ஆண்டில் இத்தனை சதவீதம் ஓடத் தயாராக இருந்தால்தான் அதன் நிலையான செலவு முழுதாகக் கைக்கு வரும். வாங்குகிறவர்களுக்கு நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அதன் பிறகு, நின்ற நாள் என்பது பராமரிப்பு நாள் மட்டுமல்ல, நட்ட நாளும்கூட. இன்னொரு பக்கம் வேலை காண்ட்ராக்ட்டுக்குப் போனது. குறைந்த விலை சொன்னவருக்கு டெண்டர். குழாயின் விலை அதில் இருக்கும். எந்தக் குழாய் போனமுறை படுத்தியது என்ற ஞாபகத்துக்கு அதில் ஒரு பைசாகூட இல்லை.

நிற்கும் நேரத்தை நட்டமாகப் பார்ப்பது விமானத் துறைக்கும் பழக்கமான கதை. 2000 ஜனவரி 31 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கலிஃபோர்னியா கடலில் விழுந்து 88 பேர் இறந்தார்கள். வால் சிறகை ஏற்றி இறக்கும் திருகில் போதுமான கிரீஸ் இல்லை. கிரீஸ் பூசும் இடைவெளி, அரசு ஒப்புதலோடுதான், நீட்டப்பட்டிருந்தது.

நெய்வேலியில் 2020 மே 7 அன்று ஆறாவது யூனிட் பாய்லர் வெடித்தது. 8 பேருக்குத் தீக்காயம், அவர்களில் சிலர் பிழைக்கவில்லை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 1 அன்று ஐந்தாவது யூனிட். நின்றிருந்த அதை மறுபடி ஓட்டத் தயாராகும்போது வெடித்தது. அந்த இடத்திலேயே 6 பேர் போனார்கள், எல்லோரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். சிகிச்சையில் மேலும் பலர். அதன் பிறகுதான் பாதுகாப்புத் தணிக்கைக்காக யூனிட்டுகள் நிறுத்தப்பட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நிர்வாகத்தை இடைக்காலமாக 5 கோடி ரூபாய் கட்டச் சொன்னது.

இயந்திரத்துக்கு வயதாகிவிட்டது என்று அப்போது பலரும் சொன்னார்கள். அதே 2020 செப்டம்பரில்தான் சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் மூடப்பட்டது. 1962-இல் ஓடத் தொடங்கியது. அதற்குப் பக்கத்தில், வெடித்த இரண்டும் தம்பிகள்.

இப்போதும் ஓவர்ஹால் என்றால் மந்தாரக்குப்பத்தில் வாடகை அறைகள் நிரம்புகின்றன. வெளியூர் ஆட்கள் வருகிறார்கள், பாய்லருக்குள் இறங்குகிறார்கள், வேலை முடிந்ததும் அடுத்த ஊருக்குப் பஸ் ஏறுகிறார்கள்.