மரியோவா, கான்ட்ராவா? மதுரையில் தீராத வழக்கு!

"9999 ஆட்டம்" என்று ஏமாற்றிய கேசட்டுகள். உலகக் கணக்கில் ஏறாத நம்மூர் ஓட்டுகள்

மதுரை:

பட்டிமன்றத்துக்குப் பேர்போன ஊர் மதுரை. ஆனால் நடுவரே இல்லாமல், மேடையும் மைக்கும் இல்லாமல், 1990-களில் தொடங்கிய ஒரு பட்டிமன்றம் இன்னும் இங்கே முடிந்தபாடில்லை.

டவுன்ஹால் ரோட்டு டீக்கடையில் நாற்பது வயதைத் தொட்ட இரண்டு பேரைப் பிடித்து, "சின்ன வயசில் டி.வி. கேம் ஆடியிருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். டீ ஆறிப் போகும். பேச்சு ஆறாது!

ஒருவர் "மரியோதான்" என்பார். இன்னொருவர் "போங்கண்ணே, கான்ட்ராவுக்கு முன்னால் மரியோ எம்மாத்திரம்?" என்று மல்லுக்கு நிற்பார். பக்கத்தில் நிற்பவர் அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போனவராக இருந்தால், "டேவை விட்டுட்டீங்களே" என்று நடுவில் நுழைவார். மூன்று கட்சி ஆகிவிட்டது. கூட்டணிக்கு யாரும் தயார் இல்லை.

எது "பிளாட்பார" ஆட்டம்?

இந்த ரக விளையாட்டுக்கு "பிளாட்பார்ம் கேம்" என்று பெயர். பிளாட்பாரத்தில் விற்றதால் வந்த பெயரோ என்று நினைத்துவிட வேண்டாம். (நம்மூரில் விற்றது என்னவோ பெரும்பாலும் பிளாட்பாரத்தில்தான்!) டி.வி. திரையில் மேடை மேடையாக இருக்கும். ஓடணும், தாவணும், ஏறணும். பள்ளத்தில் விழுந்தால் ஒரு உயிர் போச்சு. அவ்வளவுதான் சட்டம்.

1981-ல் ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி "டாங்கி காங்" என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. பெரிய குரங்கு ஒன்று பீப்பாய்களை உருட்டிவிடும். கீழே இருந்து ஒரு ஆள் அவற்றைத் தாண்டித் தாண்டி ஏறி, மேலே சிக்கிய பெண்ணை மீட்கணும். அந்த ஆளுக்கு முதலில் சரியான பெயர்கூட இல்லை. "தாவுகிறவன்" என்ற பொருளில் "ஜம்ப்மேன்" என்றார்கள். பின்னாளில் அவர்தான் மரியோ!

அடுத்த வருஷம் அமெரிக்காவில் அட்டாரி பெட்டிக்காக டேவிட் கிரேன் என்பவர் செய்த "பிட்பால்" வந்தது. காட்டுக்குள் ஓடி, கொடியில் தொங்கி, 20 நிமிஷத்துக்குள் புதையல் எடுக்கணும். 1985 செப்டம்பர் 13-ந் தேதி "சூப்பர் மரியோ பிரதர்ஸ்" ஜப்பானில் கடைக்கு வந்தது. செய்தவர்கள் ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி தெசுகா. இசை கோஜி கோண்டோ. அந்த மெட்டை முணுமுணுத்தால் இன்றைக்கும் நம்மூரில் பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

சைக்கிளில் வந்த பெட்டி

அந்த ஆட்டத்தை ஓட்டிய நிண்டெண்டோ பெட்டி இந்தியாவில் "சாமுராய்" என்ற பெயரில் விற்கப்பட்டது. ஆனால் மதுரைத் தெருக்களைப் பிடித்தது அசல் பெட்டி அல்ல. அதைப் பார்த்துச் செய்த நகல்கள்! "மீடியா", "லிட்டில் மாஸ்டர்" என்று விதவிதமான பெயர்கள். உள்ளே இருந்தது ஒரே சரக்கு.

துபாய், சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா கொண்டுவந்தது சில. சென்னை பர்மா பஜாரிலிருந்து இறங்கியது சில. ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் ஒயரைச் செருகணும். புள்ளி புள்ளியாகத் தெரிகிற சேனலைத் திருகித் திருகிப் படத்தைப் பிடிக்கணும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் "ஒளியும் ஒலியும்" நேரம் வந்தால், எந்த ஸ்டேஜில் இருந்தாலும் பெட்டியை மூட்டை கட்டணும். மறுநாள் முதலிலிருந்து ஆரம்பம். விட்ட இடத்தைப் பதிந்து வைக்கும் வசதி மரியோவில் கிடையாது. கரண்டு போனாலும் அதே கதிதான்.

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் பெட்டி இல்லாத பையன்கள், இருக்கிறவர் வீட்டுத் திண்ணையில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆடினார்கள். சைக்கிளை வாடகைக்கு எடுத்த மாதிரிதான்.

9999 மோசடி

இந்த நிருபருக்குக் குற்றச் செய்திதான் பிழைப்பு. அந்தக் கண்ணோடு பார்த்தால் அந்தக் காலக் கேசட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு வழக்கு!

கேசட்டு மேலே "9999 ஆட்டம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அப்பாவும் நம்பிக் காசு கொடுத்திருப்பார். போட்டுப் பார்த்தால் நீண்ட பட்டியல் ஓடும். ஆனால் உள்ளே இருக்கிற வேறு வேறு ஆட்டங்களைக் கைவிரல், கால்விரல் விட்டு எண்ணிவிடலாம். மிச்சமெல்லாம் அதே மரியோதான், மூன்றாவது ஸ்டேஜிலிருந்து ஆரம்பிக்கும். அதே கான்ட்ராதான், பெயரை மாற்றியிருப்பார்கள். புகார் கொடுத்தவர் உண்டா? இல்லை. ஏமாந்த பையன்கள் அதையே வசதியாக்கிக் கொண்டார்கள். கஷ்டமான ஸ்டேஜைப் பழகணுமா? பட்டியலில் கீழே போ!

ஓடாத கேசட்டை வாயால் ஊதி மறுபடி செருகுவது ஊரறிந்த வைத்தியம். உண்மையில் ஓடியது ஊதியதால் அல்ல. கழற்றி மாட்டியதால்தான் கம்பிகள் சரியாகப் பொருந்தின. வாயின் ஈரம் பட்டுக் கம்பிகள் துருப்பிடித்ததுதான் மிச்சம்.

வேடிக்கை இருக்கட்டும். விஷயம் இங்கேதான் இருக்கிறது. இந்தக் கேசட்டுகளால் ஜப்பான் கம்பெனிக்கு ஒரு பைசா போகவில்லை. அதனால் எந்த விற்பனைக் கணக்கிலும் இவை ஏறவில்லை. சூப்பர் மரியோ பிரதர்ஸ் 4 கோடிக்கும் மேல் விற்றது என்கிறார்கள். அந்த 4 கோடியில் செல்லூர் பையன் இல்லை, சிம்மக்கல் பையன் இல்லை!

உலகத் தீர்ப்பு யார் கையில்?

அமெரிக்காவில் ரோச்சஸ்டர் நகரில் விளையாட்டுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே 2015 முதல் வருஷாவருஷம் உலகச் சிறப்பு வீடியோ ஆட்டங்களுக்கு மரியாதை செய்கிறார்கள். முதல் வருஷம் தேர்வான ஆறில் சூப்பர் மரியோ ஒன்று. 2016-ல் "சோனிக்" என்ற நீல முள்ளெலி. 2017-ல் "டாங்கி காங்".

மரியோ சரி. சோனிக்கை நம்மூரில் எத்தனை பேர் ஆடியிருப்பார்கள்? 1991-ல் "சேகா" கம்பெனி கொண்டுவந்த அதிவேக ஆட்டம் அது. ஆனால் அந்தப் பெட்டி ஷா வாலஸ் கம்பெனி மூலமாக இந்தியாவுக்கு வந்தது 1995-ல். இறக்குமதி வரி 80 சதவீதம் என்ற காலம். பெட்டியின் விலை 18 ஆயிரம் ரூபாய்! அன்றைய குமாஸ்தாவின் பல மாதச் சம்பளம். டி.வி.யைவிட விலை கூடின பெட்டியை எந்த வீட்டில் வாங்குவார்கள்?

1996-ல் வந்த "சூப்பர் மரியோ 64" பற்றியும் சொல்லணும். முப்பரிமாணத்தில் நாலா பக்கமும் ஓடலாம். வெளிநாட்டு ரசிகர்கள் பலர் இதைத்தான் சிகரம் என்கிறார்கள். பிரிக்காத அதன் பெட்டி ஒன்று 2021 ஜூலையில் அமெரிக்காவில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. நம்ம பணத்தில் 11 கோடி ரூபாய்க்கு மேல். ஆடாத ஆட்டத்துக்கு அவ்வளவு விலை! நல்ல ஆட்டமாகவே இருக்கட்டும். கண்ணில் காட்டாத மாப்பிள்ளைக்கு நாம் எப்படிச் சம்மதம் சொல்வது?

ஆக, காசு கொடுத்து வாங்கினவனின் ஞாபகம்தான் உலகப் பட்டியல் ஆகிறது. வாடகைக்கு ஆடினவனின் ஞாபகம் டீக்கடையோடு நின்றுவிடுகிறது.

கான்ட்ரா கட்சியின் வாதம்

கொனாமி கம்பெனியின் கான்ட்ரா 1987-ல் காசு போட்டு ஆடும் மெஷினாக வந்தது. மறுவருஷம் வீட்டுப் பெட்டிக்கு வந்தது. நீலப் பேண்ட் ஒருவர், சிவப்புப் பேண்ட் ஒருவர். அர்னால்டு, ஸ்டாலோன் சாயல். ஒரு குண்டு பட்டால் ஆள் காலி.

இவர்கள் வைக்கிற வாதத்தை லேசில் தள்ள முடியாது. மரியோவில் இரண்டு பேர் சேர்ந்து ஆட முடியாது. அண்ணன் சாகிற வரைக்கும் தம்பி கையைக் கட்டிக்கொண்டு உட்காரணும். அண்ணன் லேசில் சாக மாட்டான்! கான்ட்ராவில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இறங்கலாம். ஒரு டி.வி.க்கு முன்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்த காலத்தில் இது பெரிய விஷயம்.

சண்டையும் அதிலேதான். மூன்றாவது ஸ்டேஜ் அருவி. மேலே மேலே தாவி ஏறணும். ஒருவன் அவசரப்பட்டு ஏறிவிட்டால் திரையும் அவனோடு ஏறும். கீழே நிற்கிறவன் எதிரியே இல்லாமல் செத்துப்போவான். இதற்காகக் கைகலப்பு நடக்காத தெரு உண்டா?

மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ என்று அமுக்கினால் 30 உயிர் கிடைக்கும் என்பதும் தெருவுக்குத் தெரு பரவிய ரகசியம். அந்தச் சூட்சுமத்தை முதலில் 1986-ல் வேறொரு ஆட்டத்தில் வைத்தவர் கஸுஹிஸா ஹஷிமோட்டோ. 2020-ல் காலமானார்.

ஆனால் சட்டப்படி பார்த்தால் ஒரு சிக்கல். கான்ட்ராவின் இரண்டாவது, நான்காவது ஸ்டேஜில் தாவி ஏற மேடையே கிடையாது. ஆளின் முதுகுக்குப் பின்னால் நின்று சுடுகிற காட்சிதான். இது சுடுகிற ஆட்டம், தாவுவது உபதொழில். வேட்புமனுவே செல்லாது என்று மரியோ கட்சிக்காரர்கள் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

சிங்கத்தின் மேல் உட்கார்ந்து தீ வளையம் தாவும் "சர்க்கஸ் சார்லி", பழம் கிடைக்காவிட்டால் பசியால் சாகும் "அட்வெஞ்சர் ஐலண்ட்" ஆகியவற்றுக்கும் விசுவாசிகள் உண்டு. டெபாசிட் தேறும். ஜெயிக்காது.

டேவும் ஒரு திருட்டுக் கதையும்

பள்ளிக்கூட லேபிலும் கம்ப்யூட்டர் சென்டரிலும் ஆசிரியர் அந்தப் பக்கம் திரும்பினால் திறக்கப்பட்ட ஆட்டம் "டேஞ்சரஸ் டேவ்". சிவப்புத் தொப்பிக்காரன். கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும். மொத்தம் 10 ஸ்டேஜ். அமெரிக்காவின் ஜான் ரோமெரோ 1988-ல் ஆப்பிள் கம்ப்யூட்டருக்காக எழுதியது, 1990-ல் நம் லேபில் இருந்த ரகக் கம்ப்யூட்டருக்கும் வந்தது.

அந்த ரகக் கம்ப்யூட்டரில் மரியோ மாதிரி காட்சி வழுக்கிக்கொண்டு ஓடாது. டேவ் திரையின் ஓரத்துக்குப் போனால் படம் தடதடவென்று தள்ளி நிற்கும். 1990 செப்டம்பரில் ரோமெரோவின் கூட்டாளி ஜான் கார்மாக் அதற்கு வழி கண்டுபிடித்தார். டாம் ஹால் என்பவரோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்து, மரியோ மூன்றாம் பாகத்தின் முதல் ஸ்டேஜை அப்படியே கம்ப்யூட்டரில் இறக்கினார். மரியோ இருந்த இடத்தில் டேவை நிறுத்தினார். அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? "காப்புரிமை மீறலில் டேவ்"!

பிறகு நிஜ மரியோவையே செய்து நிண்டெண்டோவுக்கு அனுப்பிக் காட்டினார்கள். கம்பெனி வேண்டாம் என்றுவிட்டது. அந்தக் கூட்டாளிகள்தான் 1991-ல் "ஐடி சாப்ட்வேர்" தொடங்கி, 1993-ல் "டூம்" என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 2015-ல் மரியோவோடு மரியாதை பெற்ற ஆறில் டூமும் ஒன்று. அமெரிக்காவில் நகல் எடுத்தவன் மேதை. பர்மா பஜாரில் நகல் விற்றவன் மாமூல் குற்றவாளி. (அவர்கள் விற்கவில்லை, இவர்கள் விற்றார்கள் என்று வக்கீல் சொல்லலாம்.)

அதே லேபில் ஓடிய "பிரின்ஸ் ஆப் பெர்ஷியா"வையும் சொல்லாவிட்டால் அடிக்க வருவார்கள். 1989-ல் ஜோர்டன் மெக்னர் செய்தது. தன் தம்பியை ஓடவிட்டு, தாவவிட்டு, வீடியோ எடுத்து, அந்த அசைவை அப்படியே வரைந்தார். 60 நிமிஷத்துக்குள் இளவரசியை மீட்கணும். அழகில் இதற்குத்தான் முதல் பரிசு. ஆனால் பொறுமை இல்லாதவனுக்கு ஆகாது. ஒரு அடி தப்பினால் முள்ளில் சொருகிவிடும்.

தீர்ப்பு

சரி, யாருக்கு ஓட்டு? இந்த நிருபரின் ஓட்டு மரியோவுக்கு. 4 கோடி விற்றதற்காக அல்ல.

கேசட்டோடு புத்தகம் வரவில்லை. வந்திருந்தாலும் படிக்கத் தெரியாது. சொல்லிக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. உசிலம்பட்டித் திண்ணையில் உட்கார்ந்த ஏழு வயசுப் பையன் எப்படி ஆடினான்?

ஆட்டமே வாத்தியார்! ஆரம்பத்தில் மரியோ இடது பக்கம் நிற்பார். வலப்பக்கம் வெட்டவெளி. அங்கிட்டுத்தான் போகணும் என்று கண்ணே சொல்லும். எதிரே ஒரு சின்ன ஜந்து வரும். மோதினால் செத்தோம்; தாண்டினால் பிழைத்தோம். மேலே கேள்விக்குறி போட்ட கட்டி. முட்டினால் காளான். பயந்து ஓடலாம் என்றால், காளான் குழாயில் முட்டித் திரும்பி நம்மிடமே வரும். பட்டால் ஆள் பெரிதாகிறார்! இதுவும் ஒரு பாடம்.

அதே ஸ்டேஜில் இரண்டு படிக்கட்டுகள் எதிரெதிரே இருக்கும். நடுவே தரை உண்டு. விழுந்தாலும் உயிர் போகாது. சற்றுத் தள்ளி அதே மாதிரி இன்னொரு ஜோடி. இந்தத் தடவை நடுவே பள்ளம். முதலில் பழக்கிவிட்டு அப்புறம்தான் பரீட்சை வைக்கிறார்கள். நம்மூரில் பல வாத்தியார்கள் இதை நேர்மாறாகச் செய்வது தெரிந்த சமாச்சாரம்.

இத்தனைக்கும் மொத்த ஆட்டமும் 40 கிலோபைட். செல்போனில் காலை வணக்கம் சொல்லி வருகிற ஒரு படம் இதைவிடப் பெரிசு! இடத்தை மிச்சம் பிடிக்க வானத்து மேகத்தையும் தரையிலுள்ள புதரையும் ஒரே படமாக வரைந்து நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நம்பாதவர்கள் மறுபடி பார்க்கலாம்.

இரண்டாவது ஸ்டேஜில் கூரை மேல் ஏறி ஓடினால், வெளியேறும் குழாயைத் தாண்டி மூன்று குழாய்கள் இருக்கும். நாலாவது உலகத்துக்கே குறுக்கு வழி. இன்டர்நெட் இல்லாத காலத்தில் இந்த ரகசியம் டோக்கியோவிலிருந்து மேலமாசி வீதிக்கு வாய் வழியாகவே வந்து சேர்ந்தது.

இரண்டாவது இடம் டேவுக்கு. கான்ட்ராவுக்கு இடம் கிடையாது. சுடும் ஆட்டங்களின் பட்டியலில் முதல் நாற்காலி தரலாம். கண்டனக் கடிதங்கள் வரும் என்று தெரியும்.

இப்போது காட்சி மாறிக்கொண்டிருக்கிறது. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் செய்த "ராஜி" என்ற ஆட்டம் 2020 ஆகஸ்டில் நிண்டெண்டோவின் சுவிட்ச் பெட்டியிலேயே வந்தது. தம்பியைத் தேடிச் சுவர் ஏறித் தாவுகிறாள் ஒரு இந்தியப் பெண்.

பஜார் பக்கம் போனால் உள்ளங்கையில் அடங்குகிற "400 ஆட்டம்" பெட்டிகள் தொங்குவதைப் பார்க்கலாம். அதிலும் பழைய சரக்குதான். மரியோ இருக்கிறார், கான்ட்ரா இருக்கிறது. டேவ் மட்டும் இல்லை. அந்தக் கட்சிக்காரர்கள் பரணில் கிடக்கிற பழைய கம்ப்யூட்டரைத்தான் தூசி தட்டணும்.