வாசல் வரை வர வேண்டிய வைத்தியம்

வெட்டுக்கு முன், வெட்டுக்குப் பின்

விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரும் சேர்ந்து செய்தது. கரும்பு போட்டவருக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் பெரிய பணம் வரும். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் கை காய்ந்து, வீட்டு நகை அடகுக் கடைக்குப் போய்விடும். ஆலை தரும் வெட்டு உத்தரவு ஆளுக்கு ஆள் வெவ்வேறு நாளில் வருவதால், பண்டிகை, மழை, வெயில் போன்ற பொதுக் காரணங்களை ஒதுக்கிவிட்டுப் பணத்தட்டுப்பாட்டை மட்டும் தனியே பார்க்க முடிந்தது. வெட்டுக்கு முன்னால் அவர்களில் 78 சதவீதம் பேரின் பொருள் அடகில் இருந்தது. பணம் வந்த பிறகு அது 4 சதவீதம். யோசித்துப் போட வேண்டிய வடிவப் புதிர்களை அதே மனிதர்களிடம் கொடுத்தபோது, தட்டுப்பாட்டுக் காலத்தில் குறைவாகவும் பணம் வந்த பின் கூடுதலாகவும் சரியாக விடை சொன்னார்கள்.

இந்த ஆய்வை எதிர்த்துக் கேள்விகளும் எழுந்தன. ஒரே சோதனையை இரண்டாம் முறை செய்யும்போது பழக்கத்தாலேயே மதிப்பெண் கூடாதா என்பது ஒன்று. வெட்டுக்குப் பிறகே முதன்முறையாகச் சோதிக்கப்பட்ட ஒரு தனிக்குழுவை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் அதற்குப் பதில் சொன்னார்கள். ஆனால் அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஏழைக் குடும்பங்களைச் சோதித்த இன்னொரு ஆய்வில் இப்படிப்பட்ட வேறுபாடு தென்படவில்லை. ஆகவே வறுமை மூளையை மழுங்கச் செய்கிறது என்று இதை வைத்து முடிவு கட்டக்கூடாது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது அதைவிடச் சிறியது, ஆனால் உறுதியானது. கடன் நெருக்கும் காலத்தில் ஒருவர் திணறுகிறார் என்றால் அதை அவருடைய குணமாகவோ சோம்பலாகவோ எழுதிவைக்க நமக்கு உரிமை இல்லை. அந்தத் திணறல் நீடித்து நோயாக மாறும்போது உதவி எங்கே கிடைக்கிறது, யார் தருகிறார்கள், அதைப் பெற என்ன செலவாகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

விழிப்புணர்வு இல்லை என்னும் சுலபமான பதில்

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோவொரு மனநலப் பாதிப்பு இருந்தது. குறைந்த வருமானக் குடும்பங்களில் இந்த அளவு கூடுதல். மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. இந்த எண்ணைக் கேட்டதும் வரும் வழக்கமான பதில், “ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, மனநோய் என்றால் வெட்கப்படுகிறார்கள்” என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது பாதி உண்மை. குறையை முழுவதும் நோயாளியின் பக்கம் தள்ளிவிடுவதால் எல்லோருக்கும் வசதியாகவும் இருக்கிறது.

மீதிப் பாதியைப் பார்க்க, கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போவதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும். மனநலப் பிரிவு எந்தக் கிழமை என்று முதலில் தெரிய வேண்டும். விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும். துணைக்கு வருபவரின் கூலியும் சேர்த்து அன்றைக்கு இரண்டு ஆள் சம்பளம் போகும். மாத்திரை பதினைந்து நாளுக்கோ ஒரு மாதத்துக்கோதான். தீர்ந்ததும் மறுபடி அதே பயணம். மருந்து இலவசம், ஆனால் அதை வாங்கப் போகும் நாள் இலவசம் இல்லை. மனச்சோர்வு உள்ள ஒருவருக்காகக் குடும்பம் மாதம் சுமார் 1,500 ரூபாய் செலவழிப்பதாக அதே கணக்கெடுப்பு சொல்கிறது. அரிசி, பருப்புக் கணக்கோடு இந்தத் தொகையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற குடும்பம், எழுந்து நடமாடுகிற ஒருவரை நோயாளி என்று ஒத்துக்கொள்ளத் தயங்கினால் அதை அறியாமை என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவர்கள் உதவி தேடாமல் இருப்பதில்லை. “ராத்திரி பூரா தூக்கமில்லை”, “நெஞ்சு படபடங்குது”, “தலை பாரமா இருக்கு”, “கை காலெல்லாம் குடைச்சல்” என்று சொல்லிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பக்கத்துத் தெரு கிளினிக்குக்கும் திரும்பத் திரும்பப் போகிறார்கள். வலி மாத்திரை, சத்து மாத்திரை, சில சமயம் ஓர் ஊசியோடு திரும்புகிறார்கள். நிமிஷத்துக்கு ஒரு நோயாளி என்று பார்க்க வேண்டியிருக்கும் மருத்துவருக்கு, இந்தப் பெண் எத்தனை நாளாகத் தூங்கவில்லை, ஏன் தூங்கவில்லை என்று கேட்க நேரம் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா அருகே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தபோது நாடே மூடநம்பிக்கையைத் திட்டியது. தர்கா நிழலில் நோயாளிகளைக் கொண்டுபோய் விட்ட குடும்பங்களுக்குச் சொந்த ஊரில் வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்ற கேள்வியும் அன்று அதே அளவுக்குக் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

கோவாவில் செய்து பார்த்தது

உதவி தொலைவில் இருப்பதுதான் முக்கியத் தடை என்றால், அதைப் பக்கத்தில் கொண்டுவந்தால் பலன் தெரிய வேண்டும். மனநல மருத்துவர் விக்ரம் படேலும் அவருடைய சங்காத் அமைப்பும் கோவாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2017-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வில், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு கொண்ட 495 பேர் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு சற்று மேம்படுத்தித் தரப்பட்டது. மற்றப் பிரிவுக்கு அதோடு, மனநலத் துறையில் எந்த முன்பயிற்சியும் இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு முறை பேசினார்கள். மூன்று மாதத்தில், ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டார்கள். மற்றப் பிரிவில் 39 சதவீதம். வேலைக்குப் போகமுடியாத நாட்கள் குறைந்தன. பெண்கள் கணவரிடம் அடிபடுவதும் குறைந்திருந்தது. இந்த ஒரு வரிக்காகவே அந்த ஆய்வைப் பலரும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த ஆலோசகர் செய்வது என்ன என்று கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். வீட்டிலோ சுகாதார நிலையத்திலோ முப்பது, நாற்பது நிமிடம் உட்கார்ந்து பேசுகிறார். குழந்தைப் பருவத்தைத் தோண்டுவதில்லை, புத்திமதி சொல்வதில்லை. சோர்வு வந்த பிறகு எதையெல்லாம் விட்டுவிட்டார் என்று கேட்கிறார். சுயஉதவிக் குழுக் கூட்டத்துக்குப் போவதை, தங்கையோடு பேசுவதை, வாசலில் கோலம் போடுவதை விட்டிருக்கலாம். மனசு சரியானால் செய்யலாம் என்று காத்திருக்கும் காரியங்களில் மிகச் சிறியதாக ஒன்றை எடுத்து, எந்த நாள், எந்த நேரம் செய்வது என்று இருவரும் சேர்ந்து குறிக்கிறார்கள். செய்தபோது மனசு எப்படி இருந்தது என்று அடுத்த வாரம் பார்க்கிறார்கள். செய்யாமல் விட்டால், குறுக்கே வந்தது எது என்று பேசுகிறார்கள். கடனோ கணவரின் குடியோ என்றால், அதில் இந்த வாரம் எடுத்து வைக்க முடிந்த ஓர் அடி என்ன என்று தேடுகிறார்கள். செயல் தொடங்கினால் மனம் பின்னால் வரும் என்பதே இதன் அடிப்படை.

கோவா மட்டும் இல்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் குழுவினர், வீடு வீடாகப் போகும் பெண் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி தந்து, மனச்சோர்வு கொண்ட கர்ப்பிணிகளைப் பார்க்க அனுப்பினார்கள். பேச்சைக் குழந்தையின் வளர்ச்சியிலிருந்து தொடங்கியதால் மாமியார் வரை யாரும் தடுக்கவில்லை. பிரசவத்துக்குப் பின் ஆறாம் மாதத்தில், வழக்கமான கவனிப்புப் பெற்ற தாய்மார்களில் 53 சதவீதம் பேர் இன்னும் மனச்சோர்வில் இருக்க, இந்தப் பிரிவில் அது 23 சதவீதமாக இறங்கியிருந்தது. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, கிளினிக் வளாகத்து மரப் பெஞ்சில் பயிற்சி பெற்ற பாட்டிமார்களை உட்காரவைத்துத் தொடங்கிய ‘நட்புப் பெஞ்ச்’ முறையும் 2016-இல் வெளியான சோதனையில் தேறியது. மூன்று இடங்களுக்கும் மொழி, மதம், கலாச்சாரம் வேறு. பொதுவாக இருந்தது, ஜனங்கள் ஏற்கெனவே போய்வரும் இடத்தில், தங்கள் ஊரைச் சேர்ந்த ஒருவர் வழியாக உதவி வந்தது என்பதுதான்.

ஏழைக்கு அரைகுறை வைத்தியமா?

பட்டணத்தில் பணம் உள்ளவருக்குப் படித்த நிபுணர், கிராமத்தில் ஏழைக்குச் சில வாரப் பயிற்சி பெற்ற பக்கத்து வீட்டுக்காரரா என்ற கேள்வி நியாயமானது. இதை ஒதுக்கித் தள்ளக்கூடாது. ஆனால் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், இன்றைக்கு அந்த ஏழைக்குக் கிடைப்பது நிபுணரோ ஆலோசகரோ இல்லை, ஒன்றுமே இல்லாமைதான். மேலும், கோவா ஆலோசகர்கள் பயிற்சி முடிந்ததும் கைவிடப்படவில்லை. ஒலிப்பதிவு செய்த அமர்வுகளைக் குழுவாக உட்கார்ந்து கேட்டு, தரத்துக்கு மதிப்பெண் போட்டு, ஒருவர் பிழையை ஒருவர் திருத்தினார்கள். அந்த மேற்பார்வையை வெட்டிவிட்டு ஆளை மட்டும் அனுப்பினால் அது நிச்சயம் அரைகுறை வைத்தியம்தான். எதிர்ப்பு அதை நோக்கி இருக்கட்டும்.

எல்லா நோய்க்கும் இது போதாது என்பதும் உண்மை. மனச்சிதைவு நோய்க்கு மருத்துவரும் மருந்தும் கட்டாயம் வேண்டும். அங்கேயும் சமூக ஊழியர் தேவையற்றவர் ஆகிவிடுவதில்லை. இந்த நோய்க்கான சென்னை ஸ்கார்ப் அமைப்பு பங்கேற்று 2014-இல் வெளியான ஆய்வில், மருத்துவமனைச் சிகிச்சையோடு சமூக ஊழியர் வீட்டுக்குப் போய்க் கவனிக்கும் முறை மூன்று இடங்களில் சோதிக்கப்பட்டது. நோய்க்குறியிலும் செயல்திறனிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது தமிழ்நாட்டுக் கிராமப் பகுதியில்தான். வசதி குறைவான இடத்தில்தான் இந்த ஊழியரின் அருமை அதிகம் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

பணத்தைக் கொடுத்தால் தீர்ந்துவிடாதா?

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. கூலி பற்றாக்குறை, சாதி இழிவு, கந்துவட்டி, குடி ஆகியவற்றால் உண்டாகும் துயரத்துக்கு நோய் என்று பெயர் சூட்டி, ஆலோசகரை அனுப்பி ஆறுதல் சொல்வது, காரணத்தைத் தொடாமல் கண்ணீரை மட்டும் துடைக்கும் வேலை இல்லையா? நேரடிப் பணம் மனநலத்துக்கு நல்லது என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. கென்யக் கிராமங்களில் நிபந்தனையின்றிப் பணம் பெற்ற குடும்பங்களின் மனநிலை மேம்பட்டது. இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கான உதவித்தொகைத் திட்டம் எட்டிய பகுதிகளில் தற்கொலைகள் ஏறத்தாழ 18 சதவீதம் குறைந்தன. தற்கொலையை மனப்பிரச்சினையாக மட்டும் பார்க்கும் பழக்கத்தை இந்த ஒரு முடிவே அசைக்கிறது.

ஆனால் பணமா ஆலோசனையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தவறு. மனச்சோர்வு வந்தவர் வேலைக்குப் போகமாட்டார், விண்ணப்பம் எழுதமாட்டார், கேட்க வேண்டிய இடத்தில் வாய் திறக்கமாட்டார். மகளிர் உரிமைத்தொகையோ, நூறு நாள் வேலையோ, வங்கிக் கடனோ அவரை எட்டுவதற்கே அந்தச் சோர்வு விலக வேண்டியிருக்கிறது. லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில், குற்றத்தில் ஊறிய 999 ஆண்களிடம் நடந்த சோதனையில் மனப்பயிற்சியும் பணமும் சேர்ந்து கிடைத்தவர்களிடம்தான் மாற்றம் நீடித்து நின்றது. கோவாவில் சிகிச்சை பெற்றவர்களை நான்கைந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் பலன் முழுவதும் கரைந்துவிடவில்லை. ஆறுதல் சொல்லிவிட்டுக் காரணத்தை மறப்பதுதான் தவறு. காரணம் தீரும்வரை ஆறுதலை நிறுத்திவைப்பதும் அதே அளவு தவறு.

சுமை யார் தலையில்?

தமிழ்நாட்டில் இதற்கான பாதை பாதி போட்டாகிவிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோகிறார்கள். சர்க்கரை அளவு எப்படி இருக்கிறது என்று கேட்கும் அதே வாயால் தூக்கம் எப்படி என்றும் கேட்கலாம். ஆனால் “இதையும் நீங்களே பாருங்கள்” என்று ஒரு பதிவேட்டைக் கூடுதலாகக் கையில் திணிப்பது உதவி ஆகாது. ராவல்பிண்டியில் அதே திட்டத்தைப் பிற்பாடு சுகாதார ஊழியர்களுக்குப் பதிலாக அக்கம்பக்கத்துத் தாய்மார்களை வைத்துச் செய்தபோது, ஆறாம் மாதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. நல்ல மனசு மட்டும் போதாது. ஊதியமும், குறைந்த எண்ணிக்கையில் வீடுகளும், மாதம்தோறும் உட்கார்ந்து பேச ஒரு மேற்பார்வையாளரும், கடுமையான நோயாளியைக் கண்டால் உடனே அனுப்ப ஒரு மருத்துவரும் வேண்டும். பிறர் துயரத்தை நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் அந்தப் பெண்ணின் துயரத்தைக் கேட்பதற்கும் ஓர் ஆள் வேண்டும்.

இப்போதே கிடைக்கும் உதவி

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, காரணமில்லாத அசதி, தூக்கமும் பசியும் கெடுவது, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு ஆகியவை தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடம்பு வலியோடு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயணம் முடியாதவர்கள் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 104 எண்ணிலும் ஆலோசனை உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒத்திப்போடாமல் அன்றைக்கே அழைக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் அவரைத் தனியே விடக்கூடாது.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி தரும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக ஆக்கியிருக்கிறது. குறைந்தபட்ச சேவை மாவட்டத்தில் இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசு ஏற்க வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்கள், ஆதரவற்றோர், வீடற்றோர் ஆகியோருக்கு அரசு மனநல மையங்களில் சிகிச்சை முழுக்க இலவசம். வறுமைக்கோட்டு அட்டை கையில் இல்லாவிட்டாலும் இது பொருந்தும் என்று அந்தப் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. அட்டை இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால் இதை எடுத்துச் சொல்லிக் கேட்கலாம்.